வெனிஸுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் நடுவே ஒரு கோட்டை: ஐரோப்பியச் சுற்றுலா நடத்தும் தமிழ் அன்பர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். வெனிஸில் ஓர் இரவு, மறுநாள் காலையில் பேருந்து ஏறினால் நேரே ஃபிளாரன்ஸ். உங்கள் இத்தாலிப் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. அந்த நெடுஞ்சாலை ஃபெராரா நகரத்தை ஒட்டியே போகிறது. நகரின் நட்டநடுவில், இன்றும் நீர் நிறைந்த அகழி சூழ, நான்கு கோபுரங்களோடு, ஒரு காலத்தில் ஃபெராராவை ஆண்ட எஸ்தே வம்சத்தாரின் கோட்டை நிற்கிறது. உங்கள் பேருந்தை அங்கே அரை நாள் நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

"இன்னொரு கோட்டையா?" என்று பயணிகள் சலித்துக்கொள்வார்களோ என நீங்கள் தயங்கலாம். யாருக்குப் பயந்து அதைக் கட்டினார்கள் என்று சொல்லிப் பாருங்கள், சலிப்பு பறந்துவிடும். வெள்ளமும் போர்ச்செலவும் வரிச்சுமையும் சேர்ந்து நெருக்க, 1385 மே 3 அன்று ஃபெராரா மக்கள் அரண்மனை வாசலில் திரண்டார்கள். வரிகளுக்குப் பொறுப்பானவர் என்று அவர்கள் கருதிய தொமாசோ தா தொர்த்தோனா என்ற அதிகாரியை வெளியே அனுப்பச் சொன்னார்கள். ஆட்சியிலிருந்த இரண்டாம் நிக்கோலோ தன் தலை தப்பினால் போதுமென்று அவரை ஒப்படைத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே ஆண்டு செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாளன்று, கோட்டைக்கு அடிக்கல் விழுந்தது. நகர மதிலில் ஏற்கெனவே இருந்த சிங்கக் கோபுரத்தை ஒரு மூலையாக வைத்து, பார்த்தோலினோ தா நோவாரா என்ற கட்டடக் கலைஞர் மற்ற மூன்றையும் எழுப்பினார். அரண்மனையிலிருந்து கோட்டைக்குள் போய்ச்சேர ஒரு மேல்வழியும் உண்டானது. சொந்தக் குடிமக்கள் மறுபடி கிளம்பினால் ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமே!

அந்த வழி 1476இல் உண்மையாகவே உயிர் காத்தது. கோமகன் முதலாம் எர்கோலே ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவருடைய அண்ணன் மகன் ஆட்சியைப் பிடிக்க வந்தபோது, மனைவி எலியோனோரா குழந்தைகளை அள்ளிக்கொண்டு கோட்டைக்குள் ஓடினார். கலகம் அடங்கிய பிறகு தன் குடியிருப்பையே அங்கே மாற்றிக்கொண்டார். படைவீரர்கள் இருந்த கோட்டை பிரபுக்களின் வீடாக மாறத் தொடங்கியது இப்படி, அச்சத்தில்தான்.

அவர் மகன் முதலாம் அல்ஃபோன்சோ அதைக் கலைக்கூடமாகவே ஆக்கினார். அந்த மேல்வழியில் அமைந்த தன் அந்தரங்க அறைகளுக்கு பெல்லினியிடமும் டிஷியனிடமும் ஓவியங்கள் வரைந்து வாங்கினார். இன்று அவை லண்டன், மாட்ரிட், வாஷிங்டன் என்று சிதறிக் கிடக்கின்றன. ஓவியங்கள் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் கோட்டைச் சிறையில் கிடந்தவர்கள் யார் தெரியுமா? அல்ஃபோன்சோவின் உடன்பிறந்த ஃபெர்ரான்தேயும், வேறு தாய்க்குப் பிறந்த தம்பி ஜூலியோவும்! 1506இல் அவருக்கு எதிராகச் சதி செய்ததாகப் பிடிபட்டவர்கள். மரண தண்டனை கடைசி நொடியில் ஆயுள் சிறையானது. ஃபெர்ரான்தே 34 ஆண்டுகள் அடைபட்டு 1540இல் உள்ளேயே இறந்தார். ஜூலியோ வெளியே வந்தது 1559இல், 53 ஆண்டுகள் கழித்து, எண்பது கடந்த கிழவராக. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இன்று நாம் காணும் நளினமான தோற்றம் 1554 தீ விபத்துக்குப் பிறகு வந்தது. ஜிரோலாமோ தா கார்ப்பி, போருக்கான மதில் பற்களின் இடத்தில் வெள்ளைக் கல் கைப்பிடிச் சுவர்களை வைத்தார். 1570இல் நிலநடுக்கம், பிறகு கூரைகளில் மல்யுத்தமும் விளையாட்டுகளும் தீட்டிய ஓவியங்கள். நேர் வாரிசு இல்லாமல் 1597இல் இரண்டாம் அல்ஃபோன்சோ கண்மூட, அடுத்த ஆண்டே நகரம் போப்பாண்டவரின் ஆட்சிக்குப் போனது. 1874இல் மாகாண நிர்வாகம் கோட்டையை விலைக்கு வாங்கியது.

உங்கள் வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓவியக் கூரைகளை முதலில் காட்ட வேண்டாம். நிலவறையில் தொடங்குங்கள். 1425இல் மூன்றாம் நிக்கோலோ தன் இளம் மனைவி பரிசினாவையும், அவள் மேல் காதல் கொண்டதற்காகத் தன் சொந்த மகன் ஊகோவையும் இந்தக் கோட்டையில்தான் தலைவெட்டிக் கொன்றார் என்பதைச் சொல்லுங்கள். பிறகு மேலே அழைத்துப் போங்கள்; அந்த அழகுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று பயணிகளே புரிந்துகொள்வார்கள். வெளியே வந்ததும் அகழிச் சுவரோரம் நிற்கவையுங்கள். 1943 நவம்பர் 15 அதிகாலையில் பாசிசவாதிகள் சுட்டுக்கொன்ற 11 நகரவாசிகளில் பெரும்பாலோர் வீழ்ந்த இடம் அது.

நிலவறைக்குப் போகும் வாசல்கள் மிகத் தாழ்வானவை, குனிந்துதான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் மேலே சிங்கக் கோபுரத்தை ஒட்டிய ஆரஞ்சுத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். கடைத்தெருவில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, கோட்டைக்குள் மூன்று மணி நேரமாவது கொடுங்கள். அடுத்த பருவத்துக்கான திட்டத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் ஃபெராராவின் பெயரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
இத்தாலிய வரலாற்றை நேசிக்கும் ஒரு வாசகர்