ஆழ்துளைக் கிணற்று நீரில் ஈயம் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மானூர் வட்டாரத்தில் தாமிரபரணித் தண்ணீர் வராத நாள்களில் எங்கள் தெருவே குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான். அண்மையில் அதைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது, உப்பு, கடினத்தன்மை, புளூரைடு எனத் தாளில் பல வரிகள் இருந்தனவே தவிர, ஈயம், ஆர்செனிக், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுவையிலும் நிறத்திலும் தெரியாத இவை கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும் என்பதால், குடத்தின் அடியில் படியும் வெள்ளைக் காரையைப் பார்த்து எதையும் தீர்மானிக்க இயலாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. இந்த நுண்ணளவைக் கடையில் விற்கும், நீரில் கரைந்த பொருள்களின் மொத்த அளவை மட்டும் சொல்லும் டி.டி.எஸ். மீட்டர் (பலர் அதைத்தான் நம்புகிறார்கள்) காட்டாது. ஆகவே, கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் உலோகப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்து, முடிவை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மானூர்