அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் குழந்தைகளும் காதுகுத்துக்கு வந்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பியதில் நிம்மதி. சீர் நல்லபடியாக முடிந்தது. பந்தியில் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். ஆபீசில் ஆடிட் என்று நீ சொல்லச் சொன்னதையே அம்மா எல்லாரிடமும் சொன்னாள்.

தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று. நாற்று போட்டிருக்கிறோம். கீழ்க்காட்டு விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, உன் அண்ணன் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. மஞ்சள் விலையைப் பற்றியும் எழுத நினைத்தேன். அதெல்லாம் இருக்கட்டும்.

நீ வீடியோவில் பேசுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. குழந்தைகள் முகத்தைக் காட்டிவிட்டு, நெட் சரியில்லை என்கிறாய். நாங்களும் சரி என்று விட்டுவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் உன் படம் இருந்த இடத்தில் செம்பருத்திப் பூ இருக்கிறது. இப்போது எத்தனை கிலோ என்று நான் கேட்கமாட்டேன் கண்ணு. பயப்படாமல் மேலே படி.

மாப்பிள்ளை மேல் கோபப்படாதே. அவர் எதையும் சொல்ல வரவில்லை, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். உனக்குக் கால் விரல்கள் மரத்துப்போகிறதாம், ராத்திரியில் எரிகிறதாம். சத்து மாத்திரை தீர்ந்து, திரும்ப வாங்கவே இல்லையாம். கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தாய் என்று அவருக்கே நினைவில்லை. கோயம்புத்தூர் டாக்டரிடம் போகலாம் என்றால், கொஞ்சம் இளைத்துவிட்டு அப்புறம் போகிறேன் என்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

எடையை ஒரு பக்கம் வை. அந்த மரத்துப்போவதை முதலில் பார்க்க வேண்டும். 2021-இல் எடை குறைய உனக்கு வயிற்றில் செய்த ஆபரேஷனுக்கு முன்னால் நம்மை உட்காரவைத்து எல்லாம் சொன்னார்களே, அப்போது நான் எழுதிய நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. சொசைட்டியில் மினிட் புத்தகம் எழுதிய கை, சும்மா இருக்காது. வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவோம் என்றார்கள். நாம் சாப்பிடுவதில் உள்ள பி12 வைட்டமின் உடம்பில் சேர, வயிற்றில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். வயிறு குறைந்தால் அதுவும் குறையும். அதனால்தான் மாத்திரையோ ஊசியோ ஆயுசுக்கும் விடக்கூடாது என்றார்கள். பி12 ரொம்பக் குறைந்தால் நரம்பு கெடும், நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் முழுதாகச் சரியாகாமலும் போகலாம் என்று எழுதி, அடிக்கோடு போட்டிருக்கிறேன். கால் எரிச்சலுக்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம். எது என்று ரத்தம் எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? உன் அப்பத்தா காலில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. புண் ஆறாமல் கிடந்த அந்த வருஷம் கட்டு மாற்றினவள் நீ. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய்.

அதே நோட்டில் இன்னொன்றும் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஒன்று ஒன்றரை வருஷம் வரை நன்றாக இறங்கும், அதற்குப் பிறகு பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், பலருக்குக் கொஞ்சம் எடையும் திரும்பும், அப்போது மறைந்து திரியாமல் எங்களிடம் வாருங்கள் என்றார் டாக்டர். 'மறைந்து திரியாமல்' என்பது அவர் சொன்ன வார்த்தைதான், நான் சேர்க்கவில்லை. அதாவது உன்னை மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்லியிருக்கிறார். நீ போய் நின்றால் அவருக்கு அது புதுசு இல்லை.

இந்த மாதம் என் கண்ணைக் காட்டக் கோவை போனபோது, அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மாவையும் பார்த்துவிட்டு வந்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று சொன்னேன். அவர் பொறுமையாகச் சொன்னார். எடை இறங்கினதும் உடம்பு பயந்துகொண்டு செலவைக் குறைத்துவிடுமாம், அதே அளவு சாப்பிட்டாலும் முன்பு போல எரிக்காதாம். பசியைத் தூண்டும் ஒரு ஹார்மோன் பெரும்பாலும் வயிற்றின் மேல் பகுதியில் சுரக்கிறது, அதை எடுத்ததால்தான் முதலில் உனக்குப் பசியே தெரியவில்லை. உடம்பு நாளடைவில் அதற்குப் பழகிக்கொள்கிறது. தூக்கம் கெட்டால் பசி இன்னும் கூடும். நீ ராத்திரி பன்னிரண்டு மணி வரை அமெரிக்காக்காரனோடு மீட்டிங்கில் உட்காருகிறாய். அதுவும் ஒரு காரணம் என்று அவர் சொன்னபோது, நான் உன் மேனேஜரைத்தான் நினைத்துக்கொண்டேன். சில மாத்திரைகளும் எடையை ஏற்றும், தைராய்டையும் பார்க்க வேண்டும் என்றார். இதில் எங்கே அம்மிணி உன் குற்றம் மட்டும் இருக்கிறது?

ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னதை நீ விட்டுவிட்டாய். அது தப்புதான். குழந்தைக்குத் தடுப்பூசி ஒரு நாள் தள்ளினாலே எங்களைப் போனில் சத்தம் போடுகிறவள் நீ.

வாய்க்காலில் ஒவ்வொரு வருஷமும் வண்டல் சேரத்தான் செய்கிறது. அதற்காகப் புது வாய்க்காலா வெட்டுகிறோம்? தூர் வாரித் தண்ணீர் விடுகிறோம். இதுவும் அப்படித்தான்.

நீ என்ன செய்து காட்டினாய் என்று உனக்கே மறந்துவிட்டது. 112 கிலோவிலிருந்து 71-க்கு வந்தாய். பழநியில் எனக்கும் அம்மாவுக்கும் முன்னால் ஏறிப்போய், மேலே நின்றுகொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினாய். சர்க்கரை மாத்திரை இல்லாமல் இரண்டு வருஷம் இருந்தாய். அந்த இரண்டு வருஷமும் உன் கண்ணும் சிறுநீரகமும் பிழைத்துக் கிடந்தன. எடை திரும்பியதால் அது இல்லை என்று ஆகிவிடாது. என் மகள் செய்தது அது. நான் பெருமைப்பட்டது பட்டதுதான்.

சாப்பாட்டைப் பற்றி அந்த அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். முறுக்கு, பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், ஜூஸ் எல்லாம் சின்ன வயிற்றிலும் நிற்காமல் வழுக்கிப் போய்விடுமாம். வயிறு நிறைந்தது தெரியாது, அதனால் கொறித்துக்கொண்டே இருக்கலாம். முட்டையும் கோழியும் பயறும் அப்படிப் போகாது, நிற்கும். தட்டில் அதை முதலில் சாப்பிடு, சோறு கடைசியில். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்றார். இரண்டு முட்டையில் 12 கிராம்தான் வருகிறது, மிச்சத்தை நீ கணக்குப் போட்டுக்கொள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, அரை மணி கழித்துக் குடி. நடப்பதோடு கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும், தசை கரையக்கூடாது என்றார்.

நீ எலுமிச்சைத் தண்ணீரும் ஜூஸுமாக நாலைந்து நாள் கிடந்ததையும் மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அப்படிச் செய்யாதே சாமி. ஏற்கெனவே சத்து குறைந்த உடம்பு. வாந்தியும் பட்டினியும் சேர்ந்தால் பி1 குறைந்து அது வேறு ஆபத்து என்று அதே நோட்டில் இருக்கிறது.

அண்ணி ஏதோ வாரத்துக்கு ஒரு ஊசி என்று உன்னிடம் சொன்னாளாம். செமாக்ளுடைட், டிர்செபடைட் என்று இப்போது நம் ஊரிலும் கிடைக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறினவர்களுக்கும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் கடையில் நீயாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. அது பசியைக் குறைக்கும், சிலருக்குக் குமட்டலும் வரும். சாப்பாடு இன்னும் குறைந்தால் உன் பி12, இரும்பு எல்லாம் என்னாவது? முதலில் ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் வாய் வழியே குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி செய்து வயிறு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். சிலருக்கு இந்த ஆபரேஷனையே, வயிற்றைக் குடலோடு வேறு வழியில் இணைக்கும் பைபாஸாக மாற்றுகிறார்கள். உனக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை நீயும் நானும் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. டாக்டரிடம் போ. இளைத்துவிட்டுப் போகிறேன் என்பதை விட்டுவிடு.

தீபாவளிக்கு உன் அத்தை பேசியது எனக்குத் தெரியும். அடுப்படியில் பேசினாலும் திண்ணைக்குக் கேட்கும். போன வாரம் அவள் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டேன். அவள் இனி உன் உடம்பைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். திறந்தால் நான் அங்கே போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இத்தனை வயதில் தங்கையோடு அப்படிப் பேசுவது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் நீ நம் வீட்டு விசேஷத்துக்கு வராமல் பெங்களூரில் தனியாக உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த டாக்டர் வியாழக்கிழமை பார்க்கிறார், கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். புதன்கிழமை உனக்கு வசதியான வண்டியில் ஈரோட்டில் வந்து இறங்கு. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவைத் தவிர. ராத்திரி வீட்டில் படுத்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பினால் ரத்தமும் கொடுத்துவிடலாம். பழைய ஃபைல் கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டு நிற்காதே, டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லாதே.

பதில் கடிதம் வேண்டாம். எந்தப் புதன்கிழமை என்று மட்டும் மெசேஜ் போடு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: அம்மா அனுப்பும் பார்சலில் இந்தத் தடவை கச்சாயமும் முறுக்கும் இல்லை. நிலக்கடலையும் பச்சைப்பயறும்தான். குழந்தைகளுக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் கட்டியிருக்கிறாள். அவள் மனசு கேட்காமல்தான் கட்டினாள், நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே.