கைநாட்டு வைத்தால் சம்மதம் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் நடக்கும் உறுப்புத் திருட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘வெளிநாடு’ என்ற சொல்லில்தான் எனக்குத் தடங்கல். தென்னாப்பிரிக்க டர்பன்காரர்களுக்கு அந்த வெளிநாடு நம் ஊரேதான்.

2001 முதல் 2003 வரை இங்கே செயின்ட் அகஸ்டின் மருத்துவமனையை மையமாகக் கொண்டு 109 சட்டவிரோதச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகள் நடந்தன. பெற்றுக்கொண்டவர்கள் பெரும்பாலும் இஸ்ரேலியர்கள். கொடுத்தவர்களும் தொடக்கத்தில் அந்நாட்டவர்களே; பிறகு பிரேசில், ருமேனிய ஏழைகள். இஸ்ரேலியர்களிடம் 20,000 டாலர் ஆன சிறுநீரகம் இந்த ஏழைகளிடம் 6,000 டாலருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். கொடுத்தவர்களில் 5 பேர் மைனர்கள். நோயாளிக்கு உறவினர் என்று பொய்ப் படிவங்களில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். 2010இல் அந்த மருத்துவமனையை நடத்திய நெட்கேர் குவாசுலு நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 78 லட்சம் ராண்ட் கட்டியது. மருத்துவர்கள் மீதான வழக்கு 2012இல் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. சிறுநீரகம் பெற்றவர்களில் பெரும்பாலோர் எப்போதோ விமானம் ஏறிவிட்டார்கள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. என் தம்பிக்கு நான்கு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கடந்த புரட்டாசியில் விரதச் சாப்பாட்டுக்கு வந்த ஒருவர், கை கழுவிய பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்தியாவில் ஆள் இருக்கிறது அண்ணா. எல்லாம் கையெழுத்தோடு, முறைப்படி நடக்கும்” என்றார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். ‘கூடாது’ என்று சொல்ல எனக்கு உடனே வாய் வரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அன்றிரவு ‘கையெழுத்தோடு’ என்ற சொல்லே காதில் நின்றது. 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்ததிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் கரும்புத் தோட்டங்களுக்கு வந்ததும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துத்தான். காகிதத்தில் சம்மதம் இருந்தது. பசியும் கடனும் அதில் எழுதப்படவில்லை. பலர் சிறுநீரகம் விற்றதால் சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டதும் அதே கடனால்தான். தம்பிக்குச் சிறுநீரகம் விற்கப்போகிறவன் நம் பூட்டனின் ஊர்க்காரனாகவே இருப்பான்.

சீனாவில் மனசாட்சிக் கைதிகளை, அதாவது நம்பிக்கைக்காகவும் கருத்துக்காகவும் சிறைப்பட்டவர்களை, கொன்று உறுப்பெடுத்தார்கள் என்று 2019இல் லண்டனில் கூடிய ஒரு சுயேச்சைத் தீர்ப்பாயம் முடிவு சொன்னது. சீனா அதை மறுக்கிறது. அந்தக் கொடுமையைக் கேட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். வறுமையில் கையெழுத்திட்டவனுக்காகக் கொதிப்பது கடினம். நம் தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டு ஆட்கடத்தல் தடுப்புச் சட்டம் உடலுறுப்பை அகற்றுவதையும் சுரண்டலில் சேர்த்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் தானே வந்து கையெழுத்திட்டதாகக் காகிதம் சொல்லும்போது, அவன் கடத்தப்பட்டவன் என்று யார், எந்த ஊரில் நிரூபிப்பது?

கனடா 2022 டிசம்பரில் தெளிவாகவே எழுதிவிட்டது: கொடுப்பவரின் உண்மையான சம்மதம் இல்லை என்று தெரிந்தோ, அதைப் பொருட்படுத்தாமலோ வெளிநாட்டில் உறுப்பைப் பெற்றுத் திரும்பினாலும் குற்றம், 14 ஆண்டுகள் வரை சிறை. தைவானில் வெளியே மாற்று சிகிச்சை செய்துகொண்டு வருபவர், எந்த நாடு, எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்று தெரிவிக்க வேண்டும். இஸ்ரேலே 2008இல் இத்தகைய பயணங்களுக்குக் காப்பீட்டுப் பணம் கொடுப்பதைத் தடை செய்தது, பயணங்கள் குறைந்தன. நமக்கும் இந்த மூன்றும் வேண்டும். பாதிக்கப்படப்போவது என் வீடாகவே இருக்கலாம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

தம்பியிடம் இப்போது ‘கூடாது’ என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வழக்கம்போல் என்னைத்தான் அழைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
சாட்ஸ்வர்த், டர்பன்