கட்டடத்தை யார் பார்த்தார்கள்?

அன்புள்ள கதிருக்கு,

நீ வாங்க நினைக்கும் ஃபிளாட்டின் படங்களை அப்பா டிவியில் போட்டுக் காட்டினார். ஹால், பூஜை அறை, பால்கனி, மொட்டை மாடியிலிருந்து தெரியும் கடல், எல்லாம் பார்த்தோம். திருவான்மியூரில் அந்தக் காற்றோடு ஒரு வீடு என்றால் மீனாவுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து படி.

வக்கீல் மூலப் பத்திரத்திலிருந்து பார்த்துவிட்டார், 30 வருட வில்லங்கம் போட்டாயிற்று, பேங்க் இன்ஜினியரும் வந்து போய்விட்டார், எல்லாம் கிளியர் என்று எழுதியிருந்தாய். கிளியர் ஆனது காகிதம். கட்டடத்தை உனக்காக இதுவரை ஒருத்தரும் பார்க்கவில்லை. பேங்க் இன்ஜினியர் வந்தாரே என்பாய். அவர் வந்தது பேங்குக்காக. பிளானுக்கும் கட்டியதற்கும் பொருந்துகிறதா, சதுர அடி சரியா, நாளைக்கு நீ தவணை கட்டாமல் விட்டால் இதை என்ன விலைக்குத் தள்ளலாம், இதுதான் அவர் கணக்கு. அந்த ரிப்போர்ட்டைப் பெரும்பாலும் உனக்குக் காட்டக்கூட மாட்டார்கள். புரோக்கர் சொல்வதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

ஆறாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். கார் பார்க்கிங்கின் சீலிங். மற்ற இடமெல்லாம் பழைய பெயின்ட், அங்கே மட்டும் புத்தம் புது வெள்ளை. அதற்கு அடுத்த படத்தில் பால்கனிக்கு அடிப்பக்கம் நேர்கோடாக ஒரு பழுப்புக் கறை ஓடுகிறது. கறை தாறுமாறாகப் பரவியிருந்தால் தண்ணீர்க் கசிவு என்று விட்டுவிடுவேன். நேர்கோடாக ஓடினால் அது உள்ளே இருக்கும் கம்பியின் வழி. நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது, சிமென்டின் காரத்தன்மை அதைக் காப்பாற்றும். கடல் காற்றில் வரும் உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதன் மேல் பூச்சு பூசி பெயின்ட் அடிப்பது சீழ் வைத்த பல்லை சிமென்ட் வைத்து அடைப்பது போலத்தான்.

கட்டடம் 1996 என்று எழுதியிருந்தாய். அந்த வருடம் முக்கியம். அப்போது நடைமுறையில் இருந்தது 1978-ஆம் வருட ஐஎஸ் 456, கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி. அதில் ரூஃப் கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்தாலே போதும், எம்15 கலவையே (எண் கூடினால் பலம் கூடும்) ஒப்புக்கொள்ளப்பட்டது. 2000-இல் அதே விதி திருத்தப்பட்டபோது கடற்கரைக் காற்று படும் கட்டடத்துக்கு எம்30, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் என்று ஏற்றிவிட்டார்கள். கட்டியவர் எந்தத் தப்பும் செய்யாமல் அன்றைய விதிப்படியே கட்டியிருந்தாலும், இன்றைக்குக் கேட்பதில் மூன்றில் ஒரு பங்குதான் அந்தக் கம்பிக்குப் பாதுகாப்பு. அப்புறம் 2002-இல் சென்னையை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றுக்கு மாற்றினார்கள். உன் கட்டடமோ கீழே சுவரே இல்லாமல் பில்லர் மேல் நிற்கிற ஸ்டில்ட் பார்க்கிங். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளில் நிறைய இந்த மாதிரி கீழ்த்தளம் திறந்தவைதான். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. சென்னையில் நிறையப் பேர் அப்படிப்பட்ட கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். அந்த பில்லர்கள் இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு வாங்கு என்கிறேன், அவ்வளவுதான்.

அதற்குத்தான் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துக் கட்டடத்தைப் பரிசோதிக்கச் சொல்கிறேன். அவர் வந்தால் முதலில் எந்த மெஷினையும் எடுக்கமாட்டார். எடுத்தால் அவரை நம்பாதே. சுற்றி வருவார், மொட்டை மாடிக்குப் போவார், சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் மேல்தொட்டியின் அடிப்பக்கத்தையும் பார்ப்பார். சின்னச் சுத்தியலால் பில்லரையும் சீலிங்கையும் தட்டிக்கொண்டே போவார். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடத்தில் பொக்கென்று கேட்கும். பொக்கு கேட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். பாதி ரிப்போர்ட் அந்த வட்டங்களிலேயே எழுதியாகிவிடும்.

அப்புறம்தான் கருவிகள். ரீபவுண்ட் ஹேமர் என்று ஒன்று, கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் எடை எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று எண் காட்டும். அந்த எண்ணை மட்டும் வைத்து "கட்டடம் ஸ்ட்ராங்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வாங்காதே. பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகிப்போய் எண்ணைக் கூட்டிக் காட்டும். 25 சதவீதம் வரை மேலே கீழே போகலாம் என்று ஐஎஸ் விதியிலேயே இருக்கிறது. அதனால் கூடவே காதுக்குக் கேட்காத மீயொலியைக் கான்கிரீட்டுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒலி வேகமாக ஓடினால் நல்ல கான்கிரீட், மெதுவாகப் போனால் சந்தேகம்.

நீயும் மீனாவும் கிட்டே நின்று பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பில்லரில் ஒரு மூலையைப் புதிதாகக் கொத்திவிட்டு ஃபினால்ஃப்தலீன் தெளிப்பார்கள், பள்ளிக்கூட லேபில் பார்த்திருப்பாயே, அதேதான். காரம் இருக்கும் இடம் குப்பென்று ரோஜா நிறமாகும். காரம் போன இடம் சாம்பலாகவே நிற்கும். மேலிருந்து எத்தனை மில்லிமீட்டர் நிறம் மாறவில்லை, கம்பி எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது, இந்த இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். நிறமில்லாத பகுதி கம்பியைத் தாண்டிவிட்டதென்றால் அந்த பில்லரைப் பற்றி வேறு மாதிரி பேச வேண்டியிருக்கும். உப்பை இந்தச் சோதனை காட்டாது, அதற்குத் தூளெடுத்து லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். கடற்கரையில் அதைக் கட்டாயம் கேட்டு வாங்கு.

பரிசோதனை என்றால் குறை கண்டுபிடிப்பது மட்டும்தான் என்று நினைக்காதே. நான் டெல்டாவில் இன்ஜினியராக வேலை பார்த்தபோது ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. தலைமையாசிரியர் பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பிவிட்டார், இடித்துவிடலாம் என்று ஊரே சொன்னது. நாங்கள் வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வந்தோம். கோடையில் வெடிப்பு விரிந்து கண்ணாடி உடைந்தது. மழை வந்தபின் வெடிப்பு சுருங்கியது. கட்டடம் கீழே இறங்கிக்கொண்டே இருந்திருந்தால் வெடிப்பு சுருங்காது. அடியில் இருந்தது காய்ந்தால் சுருங்கி நனைந்தால் வீங்கும் களிமண், சுவரை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் வேறு கோடையில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மரத்தை எடுத்து, சுற்றிலும் அகலமாகத் தளம் போட்டு, மழைநீரை வெளியே திருப்பி, வெடிப்புக்குக் குறுக்கே கம்பி வைத்துத் தைத்தோம். புதுக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் போட்டவர்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

திருவொற்றியூரையும் நினைவில் வை. 2021 டிசம்பர் 27 அன்று அங்கே அரசுக் குடியிருப்பில் 24 வீடுகள் இருந்த பகுதி அப்படியே சரிந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை, வெடிப்பைப் பார்த்து முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார்கள். மகாராஷ்டிராவில் வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதியிலேயே இருக்கிறது: 15 முதல் 30 வயதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 30 தாண்டினால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டடத்தைப் பரிசோதிக்க வேண்டும். உங்கள் அசோசியேஷனில் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று செயலாளரிடம் கேள். "எங்கள் வீடு நல்லாத்தான் இருக்கு சார்" என்று பதில் வரும். ஃபிளாட்டில் உன் வீடு என்பது நாலு சுவருக்கு நடுவில் இருக்கும் காற்று. பில்லரும் பீமும் மாடித் தளமும் எல்லோருக்கும் பொது. உனக்குக் கீழ்வீட்டுக்காரர் ஹாலைப் பெரிதாக்கச் சுவரை எடுத்திருந்தால் அதுவும் உன் பிரச்சினைதான். அதனால் உன் இன்ஜினியர் பார்க்கிங்கையும் மாடியையும் பார்ப்பதற்கு அசோசியேஷன் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடு. கீழ்வீட்டுக் கதவையும் தட்டச் சொல். உன் பாத்ரூமின் நிலவரம் அவர்கள் சீலிங்கில்தான் தெரியும்.

பக்கத்து மனையில் தகரம் அடைத்திருப்பதும் ஒரு படத்தில் தெரிகிறது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் போல. அடித்தளத்தில் பார்க்கிங் என்றால் ஆழமாகத் தோண்டுவார்கள். அங்கே மணல், தண்ணீரும் மேலேயே இருக்கும். இரவு பகலாக மோட்டார் போட்டு இறைத்தால் தண்ணீரோடு மணலும் போகும், உன் பக்கத்து அஸ்திவாரம் அசையலாம். தோண்டுவதற்கு முன்னாலேயே சுற்றியுள்ள கட்டடங்களில் எங்கெங்கே என்ன வெடிப்பு, என்ன அகலம் என்று அளந்து, படமெடுத்து, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது நல்ல பில்டர் செய்யும் வேலை. மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும்போது பாதையோரக் கட்டடங்களை இப்படித்தான் முன்கூட்டியே பதிவு செய்கிறார்கள். உனக்கு மட்டுமல்ல, பில்டருக்கும் இது லாபம். இல்லாவிட்டால் தெருவில் இருக்கும் இருபது வருட வெடிப்பெல்லாம் அவர் தலையில் விழும், கோர்ட் தடை வாங்கி வேலையை நிறுத்திவிடுவார்கள். அசோசியேஷன் வழியாக இதைக் கேட்கச் சொல். கூடவே அவர் எடுத்த மண் பரிசோதனையையும் கேளுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டரிலிருந்து விழவிட்டு, குழாய் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று ஆழத்துக்கு ஆழம் எண்ணி எழுதிய பட்டியல் இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றி வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

யாரைக் கூப்பிடுவது என்று கேட்பாய். வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனி இலவசமாக வந்து பார்க்கும். வேண்டாம். பார்க்கிறவரே மருந்தும் விற்றால் எல்லாக் கட்டடத்துக்கும் அந்த மருந்துதான் தேவைப்படும். ரிப்பேர் வேலை எடுக்காத, தனியாக ஃபீஸ் வாங்கிக்கொண்டு பார்க்கிற ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் வேண்டும். சோதனைகளை அங்கீகாரம் உள்ள லேபில் செய்யச் சொல். தரமணியில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மத்திய அரசின் கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி மையமான எஸ்இஆர்சி இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகமும் ஐஐடியும் இருக்கின்றன, ஆனால் அவர்களெல்லாம் முழுக் கட்டடத்துக்குச் சங்கமாகப் போனால்தான் சரிப்படும். முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக்கும் சேர்த்து நூற்றுக்கு ஒன்பது ரூபாய் கட்டப்போகிறாய், அதோடு பார்த்தால் இவர் ஃபீஸ் ஒன்றுமே இல்லை.

ரிப்போர்ட்டில் எதைப் பார்த்தார், எதைப் பார்க்க முடியவில்லை என்று இரண்டும் இருக்க வேண்டும். அஸ்திவாரத்தை அவரால் பார்க்க முடியாது, அதை ஒளிக்காமல் எழுதுகிறவர்தான் எனக்கு வேண்டும். எது இந்த வருடமே செய்ய வேண்டியது, எது ஐந்து வருடம் தாங்கும், ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவு எவ்வளவு என்று பிரித்துக் கேள். அந்தச் செலவில் உன் பங்கைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். கம்பி ரொம்ப அரித்திருந்து, சரிசெய்ய அசோசியேஷனும் தயாராக இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம், மீனாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

விற்பவர் "டெஸ்ட் எல்லாம் எதுக்கு சார், வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று அவசரப்படுத்துவார். வேறு பார்ட்டி வாங்கிக்கொள்ளட்டும். அவர் ஒத்துக்கொண்டால், பரிசோதனை முடிந்தபின் அட்வான்ஸ் என்று வாட்ஸ்அப்பில் இல்லாமல் காகிதத்தில் எழுதி வாங்கு.

ரிப்போர்ட் வந்ததும் முழுசாக ஸ்கேன் செய்து அனுப்பு, கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்பாதே. எனக்கு அளவெடுத்த பட்டியல்கள்தான் வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாவடு போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அம்மா