சித்தப்பாவுக்கு, அந்த இரண்டாயிரம் வருடப் பகை பற்றி

அன்புள்ள சித்தப்பா,

'ஈரானும் இஸ்ரேலும் இரண்டாயிரம் வருடப் பகையாளிகள், மதச் சண்டை, தீரவே தீராது' என்று குடும்ப குரூப்பில் நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். அங்கேயே பதில் போட்டால் அத்தையின் குட்மார்னிங் பூக்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பழங்கதையே வேண்டுமென்றால், பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த யூதர்களை ஊர் திரும்ப விட்டவர் பாரசீக மன்னர் சைரஸ். பாரசீகம் என்பது ஈரானின் பழைய பெயர்தான். யூத வேதமே அவரைப் புகழ்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் ஆயுளுக்குள் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

1950-ல் ஈரான் இஸ்ரேலை நடைமுறை அளவில் அங்கீகரித்தது. அடுத்த வருடமே ஈரான் பிரதமர் மொசாதேக்கின் அரசு ஜெருசலேமில் இருந்த துணைத் தூதரகத்தை மூடியது. 1953-ல் அவரைக் கவிழ்த்த பிறகு உறவு மறுபடி துளிர்த்தது, இந்த முறை சத்தமில்லாமல். அரபு நாடுகளின் கோபத்துக்குப் பயந்து ஈரான் மன்னர் ஷா முழு அங்கீகாரம் கொடுக்கவே இல்லை. ஆனால் டெஹ்ரானில் இஸ்ரேலின் ஆட்கள் தூதரக வேலையை வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்ரேல் பிரதமர் பென்-குரியனின் கணக்கு இதுதான்: சுற்றிலும் இருக்கிற அரபு நாடுகள் பகையென்றால், அவற்றுக்கு அப்பால் இருக்கிற துருக்கி, ஈரான், எத்தியோப்பியாவைப் பிடி. ஷாவுக்கோ எகிப்து அதிபர் நாசரைக் கண்டாலே ஆகாது. 1962-ல் கஸ்வீன் பக்கம் நிலநடுக்கத்தில் பல்லாயிரம் பேர் செத்தபோது, கிராமங்களையும் பாசனத்தையும் சீரமைக்கத் திட்டம் போட்டுக் கொடுத்தவர்களில் இஸ்ரேலிய நிபுணர்களும் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது குழாய்க் கதை. 1967 போரில் சூயஸ் கால்வாய் அடைபட்டுப்போனது. ஈரான் எண்ணெய் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவையே சுற்ற வேண்டும். 1968-ல் இருவரும் பாதிக்குப் பாதி கூட்டு சேர்ந்து, செங்கடல் பக்கம் எயிலாட்டிலிருந்து மத்தியதரைக் கடல் ஓரத்து அஷ்கெலோன் வரை, சுமார் 254 கிலோமீட்டருக்கு 42 அங்குலக் குழாய் போட ஏற்பாடு செய்தார்கள். ஈரானின் பங்கு வெளிநாட்டில் பதிவான பெயரளவு நிறுவனங்களுக்குள் ஒளிந்திருந்தது. எண்ணெய் மட்டும் ஒழுங்காக ஓடியது.

1979 பிப்ரவரியில் ஷாவின் ஆட்சியைக் கவிழ்த்த இஸ்லாமியப் புரட்சி. சில நாட்களிலேயே உறவு முறிந்தது. பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் டெஹ்ரானுக்கு வந்தார், இஸ்ரேல் அலுவலகக் கட்டடம் அவருடைய பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் (பி.எல்.ஓ.) கைக்குப் போனது.

சரி, அத்தோடு தீர்ந்ததா? 1980-ல் ஈராக்கின் சதாம் ஈரான்மீது படையெடுத்ததும், 'இஸ்ரேல் ஒழிக' என்று கத்திக்கொண்டிருந்த ஈரானுக்கு இஸ்ரேல் ஆயுதம் விற்றது. அப்புறம் அமெரிக்க ஏவுகணைகளும் அதே வழியில் போயின. 1986 மே மாதம் அமெரிக்க அதிபர் ரீகனின் தூதராக மெக்ஃபார்லேன் ரகசியமாக டெஹ்ரானில் இறங்கினார். அவர் கோஷ்டியில் அமெரிக்கர் என்ற வேஷத்தில் ஓர் இஸ்ரேலிய அதிகாரியும் இருந்தார். சாவி வடிவத்தில் ஒரு கேக்கும் கொண்டுவந்ததாக அப்போதைய ஈரான் நாடாளுமன்றத் தலைவர் ரஃப்சஞ்சானி பின்னால் போட்டு உடைத்தார்.

பகை நிஜமாகவே முற்றியது 1991-க்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். வளைகுடாப் போரில் சதாம் தோற்றார், சோவியத் கலைந்தது. இருவருக்கும் பொதுவாகப் பயப்பட ஆள் இல்லை. லெபனான், அணு உலை, 2024 ஏப்ரலில் நேரடித் தாக்குதல், 2025 ஜூனில் பன்னிரண்டு நாள் போர்: இதெல்லாம் டிவியில் நீங்கள் பார்த்ததுதான். மதம்தான் காரணமென்றால், 1968-லும் இரு பக்கமும் இதே மதங்கள்தானே? ஈரான் நாடாளுமன்றத்தில் யூதர்களுக்கென்று இன்றைக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது.

குழாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புரட்சிக்குப் பிறகு ஈரான் தன் பங்குக்காக வழக்குப் போட்டது. இஸ்ரேல் தரப்பு சுமார் 110 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 2016-ல் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எதிரி நாட்டோடு வணிகம் செய்யத் தடைச் சட்டம் இருக்கிறது, பணம் தர முடியாது என்பது இஸ்ரேலின் நிலை. 2020-ல் அதே குழாய் நிறுவனம் புதுக் கூட்டாளி தேடி ஒப்பந்தம் போட்டது, வளைகுடா எண்ணெயைக் கொண்டுபோக. யாரோடு தெரியுமா? அரபு நாடான அமீரகத்துக்காரர்களோடு.

சித்தியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்