ஸ்டென்டுக்குச் செய்ததை இதய வால்வுக்கும் செய்யுங்கள்

மதிப்பிற்குரிய தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அம்மாவுக்கு 78 வயது. கோலம் போடக் குனிந்தவர், மாவுக் கிண்ணத்தோடு அப்படியே வாசலில் சாய்ந்துவிட்டார். டாக்டர் சி.டி. ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் படியுமே, அந்த மாதிரி இதய வால்விலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவரிலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. "பீங்கான் மாதிரி ஆகிடுச்சும்மா" என்றார்.

நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற, மகாதமனியைக் கிளாம்ப் போட்டு அடைக்க வேண்டும். பீங்கானாக இறுகியதைக் கவ்வினால் துகள் உதிர்ந்து மூளைக்குப் போகும், பக்கவாதம் வரும். சரி, வேறு வழி? டாவி ஒன்றுதான். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகச் சுருக்கிய வால்வைக் கொண்டுபோய், பழைய வால்வுக்குள்ளேயே விரித்துவிடுகிறார்கள். இதயம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் அலான் கிரிபியே தொடங்கிவைத்த முறை இது.

அறுவை சிகிச்சை தாங்காத 358 பேரை வைத்து நடந்த பார்ட்னர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. டாவி செய்யாதவர்களில் 50.7 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்துபோனார்கள், செய்தவர்களில் 30.7 சதவீதம். இதைப் பணக்கார வைத்தியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்களுக்குச் சொன்ன தொகை 18 லட்சம். முக்கால்வாசி வால்வுக்கே. ஊரில் இருந்த நிலத்தை விற்றோம். மூன்றாம் நாள் அம்மா வராந்தாவில் நடந்தார். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கும் இதே நோய்தான். விற்க அவர்களிடம் எதுவும் இல்லை. மாத்திரைச் சீட்டோடு மகன் அழைத்துப் போனார். லிஃப்ட்டுக்குப் போவதற்குள் பெரியவர் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

2017 பிப்ரவரியில், அடைபட்ட இதய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தீர்கள். மருந்து பூசியது 29,600 ரூபாய்க்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வைத்தீர்கள். டாவி வால்வு இப்போது குஜராத்தின் வாபியிலும் தயாராகிறது. அதற்கும் உச்ச விலை வையுங்கள். கம்பெனி என்ன விலைக்குக் கொடுக்கிறது, மருத்துவமனை எங்களிடம் எவ்வளவு வாங்குகிறது, இரண்டையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். எப்போது செய்வீர்கள் என்பதையும் தேதி போட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்