அறுந்த டி.என்.ஏ. ‘தானாக’ ஒட்டிக்கொள்வதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த புற்றுநோய் மரபணுக்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுந்தால் செல் ‘தானாகச் சரிசெய்துகொள்ளும்’ என்று ஒரே வரியில் கட்டுரையாளர் தாண்டிவிட்டார். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

செல்லுக்கு முக்கியமாக இரண்டு வழிகள். அறுந்த முனைகளை அப்படியே சேர்த்து ஒட்டிவிடலாம். வேகமாக முடியும், சில எழுத்துகள் விட்டுப்போகவும் கூடும். அல்லது பழுதில்லாத பிரதியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அந்தப் பிரதியோ, செல் பிரிவதற்காக டி.என்.ஏ.வை நகலெடுத்த பிறகுதான் பக்கத்தில் கிடைக்கும். ஆகவே நேரம் பார்த்துத்தான் வழி தீர்மானமாகிறது. நகலெடுக்கும் முன், 53பிபி1 என்ற புரதம் முனைகளைச் சீவ விடாமல் காக்கிறது. ஒட்டும் வேலை நடக்கிறது. நகலெடுப்பு தொடங்கியதும், செல் சுழற்சியை ஓட்டும் சிடிகே நொதிகள் சிடிஐபி புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. முனையில் ஓர் இழையைச் சீவ அதுதான் அனுமதி. பிஆர்சிஏ1 என்ற புரதம் வந்து 53பிபி1-ஐ விலக்குகிறது. பிஆர்சிஏ2 என்ற இன்னொரு புரதம், சீவியதில் மிஞ்சிய ஒற்றை இழையில் ராட்51 புரதத்தை ஏற்றுகிறது. பிரதியில் பொருந்தும் இடத்தைத் தேடிப் பிடிப்பது ராட்51-இன் வேலை.

‘பிஆர்சிஏ மரபணு இருந்தால் புற்றுநோய் வரும்’ என்ற கட்டுரை வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். இந்தப் புரதங்களை உண்டாக்கும் அந்த மரபணுக்கள் நம் எல்லோருக்குமே இருக்கின்றன! பரம்பரையாகப் பழுதுபட்டு வந்தால்தான் ஆபத்து கூடுகிறது. அப்போதும் கூடுகிறதே தவிர, நிச்சயம் என்றில்லை. குடும்பத்தில் புற்றுநோய் உள்ளவர்கள் படித்தால் வீணாகக் கலங்கிப்போவார்கள்.

2014-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற ஓலாபரிப் மருந்தையும் சொல்லியிருக்கலாம். அது பார்ப் என்ற பழுதுபார்க்கும் நொதியை முடக்கி, ஒற்றை இழை வெட்டுகளைச் சரிசெய்ய விடாமல் செய்கிறது. நகலெடுக்கும்போது அவை இரட்டை வெட்டாகின்றன. பழுதான பிஆர்சிஏ-வோடு பிறந்த நோயாளியின் மற்ற செல்களில் அந்த மரபணுவின் நல்ல பிரதி ஒன்று மிச்சமிருப்பதால் அவை சமாளித்துக்கொள்ளும். மரபணுவின் இரண்டு பிரதிகளையும் இழந்த புற்றுநோய்ச் செல், பிரதி பார்த்து எழுத முடியாமல் செத்துப்போகும்.

அப்புறம் ஒன்று: பிஆர்சிஏ1 பழுதான எலிச் செல்களில் 53பிபி1-ஐயும் நீக்கினால், பிரதி பார்த்து எழுதும் திறன் திரும்பிவிடுகிறது என்று 2010-இல் கண்டறிந்தார்கள். இந்த மருந்துக்குச் சில கட்டிகள் மசியாமல் போவது ஏன் என்று தேடுபவர்களுக்கு அது ஒரு துப்பு. இதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிடலாம்.

— ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, கும்பகோணம்